காலிப் பட்டியல்

நான் வண்டி ஓட்டும்போது யாருக்கும் ஹாரன் அடிப்பதில்லை. பெட்டாலிங் ஜெயா நெரிசலில் இத்தனை வருடம் ஓட்டியும் என்னை அவசரக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. வேலையிலும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் பழைய கணினிக் கோப்புகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை எங்களுடையது. கோப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் எடுத்து, நாங்கள் வடிவமைத்த 'நோயாளி' என்ற ஆப்ஜெக்டில், கட்டம் கட்டமான ஒரு படிவம் மாதிரி, அந்தந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பெயர், வயது, இரத்த வகை எல்லாம் சொன்னபடி கேட்டன. ஒவ்வாமைதான் படுத்தியது. புது ஆப்ஜெக்ட் அதைப் பட்டியலாக எதிர்பார்த்தது. பழைய கோப்பிலோ சிலருக்கு மட்டும் நர்ஸுகள் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஒரே வரியாகத் தட்டி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு வரி வந்தாலே புரோகிராம் பாதியில் நின்றுவிடும். நிற்காமல் ஓட ஒரு வழி செய்தேன். பொருந்தாவிட்டால் காலிப் பட்டியலை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். காலிப் பட்டியலை டாக்டரின் திரை 'ஒவ்வாமை இல்லை' என்று பச்சையில் காட்டும்.

அது தற்காலிக ஏற்பாடு. மறுநாள் சரிசெய்யத்தான் உட்கார்ந்தேன். காலியானவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது லோகேஸ்வரி என்ற பெயர் வந்தது. ரிஷியின் அம்மா.

ரிஷிக்கு வேலை பழக்கியவன் நான். போன வருடம் அவனையே எனக்கு மேல் டீம் லீடராகப் போட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டு ஓபன் ஹவுஸ் விருந்தில் அவன் அம்மா எனக்கு இன்னொரு கரண்டி மட்டன் பிரட்டல் வைத்தபடி, பக்கத்து வீட்டுக்காரரிடம், "இவருதான் சிவேந்திரன். நம்ம ரிஷிக்குக் கீழ வேலை செய்யுறாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு எரிந்தது. ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுத் தான் செத்துப் பிழைத்த கதையையும் அன்றுதான் சொன்னார். சாப்பாடு நன்றாக இருந்தது.

நான் திருத்தவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ரிஷி படிக்கவில்லை. "அண்ணே, நீங்க எழுதுனத நான் செக் பண்றதா? நல்லா இருக்காது லா" என்று சிரித்துக்கொண்டே ஒப்புதல் கொடுத்தான். என்றாவது தவறு வெளியே வந்தால் அவன் பெயர் கெடும். நான் விரும்பியது அவ்வளவுதான்.

சென்ற செவ்வாய் பிற்பகல் அவன் காரிலிருந்து அழைத்தான்.

"அண்ணே, அம்மாவுக்குக் கால் புண்ணு சீழ் வச்சிடுச்சு. நம்ம சிஸ்டம் போட்ட ஆஸ்பத்திரிலதான் சேத்திருக்காங்க. காய்ச்சல்ல நெனவே இல்ல, ஊசி போடப் போறாங்களாம். நான் ஃபெடரல் ஹைவே ஜேம்ல மாட்டிக்கிட்டேன். பென்சிலின் விஷயத்த டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லணுமா, இல்ல சிஸ்டத்துல வந்திடுச்சா?"

பேசிக்கொண்டே அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பச்சையாக இருந்தது.

"எல்லாம் வந்திடுச்சு லா" என்றேன்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பென்சிலின் ஊசி போட்டு எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் என் தோளில் சாய்ந்துதான் அழுதான். "நீங்க எழுதுனத நான் படிச்சிருக்கணும்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. இதையும் சேர்த்து எழுதுங்கள். போனை வைப்பதற்கு முன், மழை பெய்கிறது, மெதுவாகவே ஓட்டி வா என்று அவனிடம் சொன்னேன். அந்தப் பையன் மேல் எனக்கு எப்போதும் அக்கறை உண்டு.