பத்தே காலுக்கு லேயில எறங்கோணும்

ஸ்டிக்கைக் கழட்டுனது போதுமுங்க தம்பி, மாட்டுங்க சீக்கிரம். மணி பத்தாகப்போகுது. பத்தே காலுக்கு நான் லேயில எறங்கோணும்.

சிரிக்காதீங்க. கடையைப் பூட்டிப்போட்டு, சேலத்துல இருந்து உங்களை மொத பஸ்ஸுல வரச்சொன்னது வெளையாட்டுக்குங்களா? பஜார்லயுந்தான் சிரிக்கறாங்க, மொளகு விக்கிற பக்கீர் பாய்க்கு அம்பத்தெட்டு வயசுல கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டக் கேக்குதுன்னு.

உக்காரறதா? முடியாதுங்க. நீங்க வேலையைப் பாருங்க, நான் இப்பிடியே நடந்துக்கறன்.

லே எங்கயா? லடாக்குல. நம்ம ஏற்காட்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல ஒசரம். காத்து நொம்ப லேசுங்க, வேகம் இல்லாட்டி ப்ளேனு நிக்காது. ரெண்டு பக்கமும் மலை. சிந்து ஆத்தைப் புடிச்சுக்கிட்டே வந்தா, ரன்வேக்கு முன்னால ஒரு குன்று, அதுமேல புத்த மடம். அதை ஒட்டி எறங்கோணும். வேண்டாம், திரும்பிரலாம்னு தோணுச்சுன்னா முன்னாடியே தோணிரோணும். உள்ள வந்தப்பறம் திரும்ப எடம் பத்தாது. மொத மாசம் பூரா மலையிலதான் முட்டுனன். முட்டறப்பெல்லாம் எந்திரிச்சு ஏரி வரைக்கும் நடந்துபோட்டு வருவன்.

அப்பறம் ஆறு மாசமா முட்டலீங்க. நேத்து முட்டிருச்சு. ப்ளேனைத் திருப்பற இந்த ஸ்டிக்கு எப்பிடி ஒடைஞ்சுதுன்னு கேட்டீங்கல்ல, நாந்தான் ஓங்கிக் குத்துனன். நல்லவேளை, நேத்து அவளுக்கு லீவு.

யாருக்கா? எம்பொண்ணுக்குங்க, ஷிரினுக்கு. அவ நெசமாவே ஓட்டறா. டெல்லியில இருந்து லேக்கு, துணை பைலட்டு. இன்னிக்குப் பத்தே காலுக்கு எறங்கறது அவதான். அவ எறங்கற நேரத்துக்கு நானும் இங்க எறக்கிருவன். எறக்குனாத்தான் எனக்குச் சோறு தண்ணி.

ச்சே, அவ எங்கங்க சொல்லிக்குடுத்தா. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான். அவ டூட்டி எப்பன்னு கூட ஆயிஷாகிட்டதான் கேட்டு வெச்சுக்குவன். அம்மாவும் பொண்ணும் தெனம் பேசிக்குவாங்க.

என்ன ஆயிஷா, ஏன் இப்பிடி ஓடியாற? மெசேஜா? எறங்கிட்டாளா! இன்னும் மணி ஆகலியே. ஓ, முன்னாடியே எறங்கிட்டாங்களா. நல்லாப் பாத்தியா, அவ அனுப்புனதுதான? அல்ஹம்துலில்லாஹ். சரி, தம்பிக்கு டீ போடு.

அட, ஏன் தம்பி கையை எடுத்துட்டீங்க? மாட்டுங்க, மாட்டுங்க. அவ எறங்குனா ஆச்சா, நான் எறக்க வேண்டாமா?

எதுக்குன்னா... என்னத்தைச் சொல்றது. ட்ரெய்னிங் போறேன்னு பொட்டியைத் தூக்கிட்டு நின்னா. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு மறிச்சன், கேக்கல. கொட்டச்சேடு ஊர்க்காரங்க ஜீப்பு ஒண்ணு கீழ சேலத்துக்குப் போயிட்டிருந்துச்சு, கை காட்டி ஏறிக்கிட்டா. போ, போயி எங்கயாச்சும் விழுந்து சாவுன்னுட்டன். ஜீப்புல இருந்தவங்கெல்லாம் கேட்டாங்க. ஆறு வருசமாச்சுங்க. அவகிட்ட நான் கடைசியாப் பேசுனது அதுதான்.

ஸ்டிக்குல லைட்டு எரியுது பாருங்க. கொஞ்சம் நவுருங்க தம்பி.