அவள் படகை உடைக்கவில்லை

தம்பி: அப்ப படத்துலயும் அந்த நாய் புத்தகத்துல இருந்த மாதிரியேதான் இருந்துச்சுன்ற.

அக்கா: அப்படியேதான். கறுப்பு. கன்னுக்குட்டி உசரம். கண்ணு ரெண்டும் கங்கு மாதிரி... படி வருது. இன்னும் ஆறு இருக்கு.

தம்பி: குரைச்சப்ப கீச்சு கீச்சுன்னு கேட்டுச்சே.

அக்கா: அது... தொண்டை கட்டியிருக்கும்.

தம்பி: நாய்க்கா?

அக்கா: ஏன், நாய்க்குக் கட்டாதா? கைப்பிடியைப் புடி. கூட்டம் இடிச்சுட்டுப் போகுது.

தம்பி: எல்லாரும் ஏன் திட்டிட்டே போறாங்க? "கதையையே கொன்னுட்டானுங்க"ன்னு ஒருத்தர். "பன்னண்டு வயசுலேருந்து படிக்கிறேன், எங்கிட்டயே கதை விடுறாங்க"ன்னு ஒரு பொண்ணு.

அக்கா: எழுத்துக்கு எழுத்து அப்படியே வேணும்னா வீட்டுல உக்காந்து படிக்க வேண்டியதுதானே.

தம்பி: இதைச் சொல்றது நீயா? இந்தப் புத்தகத்தைப் படமா எடுத்துக் கெடுக்கப் போறாங்கன்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தவ.

அக்கா: ஒரு வேளைதான்டா. இந்தா, பெஞ்சு. உக்காரு. கூட்டம் குறையட்டும்.

தம்பி: கடைசிக் காட்சியை இன்னொரு தடவை சொல்லு.

அக்கா: அதான் உள்ளயே காதுல சொன்னேனே.

தம்பி: பின்சீட்டுக்காரர் உஷ் உஷ்ஷுன்னார். பாதி விழல.

அக்கா: கலங்கரை விளக்கத்துக்குக் கீழ அந்தத் தம்பிக்காரன் நிக்கிறான். சாபம் அவனைத் தீவை விட்டு வர விடாது. அக்காக்காரி படகுகிட்ட போறா. துடுப்பை எடுக்குறா... அப்புறம் தூக்கிப் போட்டுட்டு, கோடாலியால படகை உடைக்கிறா. அவன்கூடவே இருந்துடுறா.

தம்பி: கோடாலிச் சத்தமே கேக்கலையே.

அக்கா: பாட்டைப் போட்டு அமுக்கிட்டாங்க.

தம்பி: அங்க பாட்டே இல்லக்கா. துடுப்புச் சத்தம்தான். முதல்ல கிட்ட. அப்புறம் கொஞ்சம் தள்ளி. அப்புறம்... இருக்கா இல்லையான்னு. அவ போயிட்டா. இல்லையா?

அக்கா: போயிட்டா.

தம்பி: ஏன் மாத்திச் சொன்ன?

அக்கா: மாத்துனது அவங்கடா. நான் புத்தகத்துல இருந்ததைச் சொன்னேன். நீ எட்டு தடவை படிச்ச கதை. உனக்குப் பார்வை போனப்புறம் கட்டில் பக்கத்துல உக்காந்து நான் முழுசா படிச்சுக் காட்டுன கதை. அதுல போய் அவ அவனை விட்டுட்டுப் போறான்னு எந்த வாயால சொல்றது?

தம்பி: பார்வைதான் போச்சு. படம் பிடிக்கலைன்னு திட்டவாவது விடு. அந்தப் பொண்ணுக்கு இருக்குற உரிமை எனக்கில்லையா?

அக்கா: சரி, திட்டு.

தம்பி: திட்ட ஒண்ணுமில்ல. எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அக்கா: என்னடா சொல்ற? முடிவையே மாத்திட்டான்...

தம்பி: புத்தகத்துல படகு உடைஞ்சதும் கதை முடிஞ்சிடும். அழுகை வரும். ஆனா மூடி வெச்சப்புறம் யோசிப்பேன். மறுநாள் காலையில அவங்க ரெண்டு பேரும் என்ன பேசிப்பாங்க? அவ முகத்துல முழிக்க அவனுக்குத் தைரியம் வருமா?

அக்கா: அவளா விரும்பித்தானே உடைச்சா.

தம்பி: அவனை யாருமே கேக்கல. அந்த இடத்துல அவனுக்கு ஒரு வார்த்தை கூட எழுதியிருக்க மாட்டாங்க. படத்துல அவன் பேசுறான்.

அக்கா: "விளக்கை நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு."

தம்பி: அதேதான். அந்த நேரம் பாத்து நீ இருமுன. நல்லா பலமா.

அக்கா: தொண்டை...

தம்பி: நாய்க்கு வந்த அதே தொண்டையா?

அக்கா: சிரிக்காத. நீ தனியா... அவன் தனியா எப்படிடா இருப்பான்? அடுப்பு, மாத்திரை, மாடிப்படி...

தம்பி: தீவுல ஏதுக்கா மாடிப்படி? ஆஸ்பத்திரி போன்ல ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு வழி சொல்றேன். எந்த மாடி, எந்தப் பக்கம் திரும்பணும், எந்தக் கதவுன்னு. நம்ம வீட்டு அடுப்புக்கு எனக்கு வழி தெரியாதா?

அக்கா: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா வாய் வரல. எங்க லேப்புல... தண்ணி சோதிக்கிற புது லேப் ஒண்ணு வேற ஊர்ல தொறக்குறாங்க. அதுக்கு என்னையத் தலைமையா போட்டிருக்காங்க. ரயில்ல ஒரு பகல் முழுக்கப் போகணும். முடியாதுன்னு எழுதி பையில வெச்சிருக்கேன். நாளைக்குக் கொடுக்கணும்.

தம்பி: தெரியும். போன வாரம் நீ குளிச்சிட்டிருந்தப்ப உங்க ஆபீசர் போன்ல பேசுனார். "உங்க அக்கா ஏன் வேண்டாங்குறாங்க"ன்னு எங்கிட்ட கேட்டார். கேட்டுச் சொல்றேன்னு போனை வெச்சுட்டேன். அன்னிக்கு சாயங்காலம் கூட வேலை பாக்குறவர் மனசு சரியில்லைன்னா வான்னு இந்தப் படத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தார். அவர் எதையும் மாத்தாம சொன்னார். படம் முடிஞ்சதும், அவன் சொன்னதை நீயும் கேக்கணும்னு, நேரா கவுன்ட்டருக்குப் போய் இன்னிக்கு ஆட்டத்துக்கு உனக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தேன்.