மஞ்சள் கோடு

வெள்ளைப் பேனாவைவிட மஞ்சள் நல்லது, மேடம். வெள்ளை மழையில் மங்கிவிடும், சூட்டில் கருத்துவிடும். மஞ்சள் அப்படியே நிற்கும். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் படத்திலேயே பாருங்கள். சேறும் தீயணைப்பு நுரையுமாகக் கிடக்கிற நட்டில் பாதிக் கோடு பளிச்சென்று தெரிகிறது. அது நான் போட்டதுதான். அதை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

உங்களுக்குப் பந்தயம் பழக்கமில்லை என்றீர்கள். நாங்கள் ஓட்டுவது பெரிய பந்தயத்துக்கு முந்தின படி. சக்கரத்துக்கு மூடியில்லாத, ஒற்றை ஆள் உட்காரும் கார். எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின், ஒரே டயர், அதனால் ஓட்டுகிறவரின் கைதான் பேசும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நட்டு. நீளக் கைப்பிடி வைத்த ஸ்பானரால் இறுக்குவோம். போதுமான அளவு இறுகியதும் ஸ்பானர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். அப்புறம் நட்டிலிருந்து அச்சுவரை குறுக்கே ஒரு கோடு போடுவோம். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

காரைத் தடத்துக்கு அனுப்புமுன் தலைமை மெக்கானிக் சக்கரம் சக்கரமாகக் கேட்டுக்கொண்டு வருவார். வயதில் மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் பெரியப்பா.

“கோடு போட்டாச்சா?”

“போட்டாச்சு, பெரியப்பா.”

அவ்வளவுதான். நட்டை இறுக்கினாயா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வேலையில் கோடு என்றாலே இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அப்படியே பேசிப் பேசிப் பழகிவிட்டது. அன்றைக்கும் அவர் கோட்டைத்தான் கேட்டார். கோடு போட்டிருந்தேன். இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

அணியில் இரண்டு கார்கள். ஒன்று என் தங்கை ஓட்டுவது, மற்றது கொக்கு ஓட்டுவது. அவனுக்குக் கழுத்தும் நீளம், காலும் நீளம். காருக்குள் தன்னை நாலாக மடித்துத்தான் உட்காருவான். பெயர் வைத்ததே என் தங்கைதான்.

“கொக்கு, உன் முட்டி வெளியில நிக்குது பாரு. அதுல ஒரு கண்ணாடி மாட்டிக்கோ,” என்பாள்.

“மாட்டிக்கிறேன். நீ பின்னாடியேதானே வர்ற, பார்க்க வசதியா இருக்கும்,” என்பான்.

அப்படிப்பட்ட பையனை வெறுப்பது கஷ்டம். நான் வெறுக்கவும் இல்லை.

நான் வேலை பார்த்தது தங்கையின் காரில் இல்லை. கொக்குவின் இடது பின்சக்கரம் என் பொறுப்பு. “அண்ணன் போய் தங்கச்சி கார்ல கை வெச்சா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கப்பா,” என்று பெரியப்பா வருட ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று செய்த ஏற்பாடு. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்ததும் நான்தான். மேல் படியில் எங்கள் அணிக்கு ஒரே ஓர் இருக்கை. கடைசிப் பந்தயம் முடியும்போது இருவரில் யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கு. அந்தக் கடைசிப் பந்தயத்தன்று காலையில் கொக்கு நான்கு புள்ளி முன்னால் இருந்தான். அடுத்த வருடம் தங்கைக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அவனுக்கோ இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருந்தது. அவன் காத்திருக்கலாம், அவளால் முடியாது. நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தடத்தில் பதினான்கு வளைவுகள், மேடும் பள்ளமுமாக. நான் நினைத்தது இவ்வளவுதான்: சில சுற்றில் நட்டு நெகிழும், கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் ஆடும், அவனே புரிந்துகொண்டு ஓரம் கட்டிவிடுவான். ஒரு பந்தயம் போகும். அவனுக்கு நஷ்டம் அதுதான்.

ஸ்பானரை வைத்தேன். சத்தம் வருமுன் எடுத்துவிட்டேன். பக்கத்துக் கொட்டகையில் ஓர் எஞ்சின் அலறிக்கொண்டிருந்ததால் ‘டக்’ வந்ததா வரவில்லையா என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் கோடு போட்டேன், நேராக. கொக்கு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “அண்ணே, எல்லாம் ஓகேவா?” என்று கட்டைவிரலைத் தூக்கினான். நானும் தூக்கினேன். அவனும் நட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

நட்டு கழன்றது ஆறாவது சுற்றில். கொண்டை ஊசியில் இல்லை. இறக்கத்தின் அடியில் இருக்கிற ஒன்பதாம் வளைவில். அங்கே முழு வேகம்தான், யாரும் பிரேக்கைத் தொடுவதில்லை. சக்கரம் ஒரு பக்கம் போனது, கார் ஒரு பக்கம் போனது. மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். தங்கை இரண்டாவதாக வந்தாள். அது போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கொக்குவின் அம்மாவோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன். “என் சக்கரத்தை அண்ணன்தான் பார்த்துக்கறாருன்னு வாய் ஓயாம சொல்வான் தம்பி,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆமாம்மா, நான்தான்,” என்றேன். அதுவும் உண்மைதானே. டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தார். மறுநாள் மதியம் டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அவர் சாய்ந்ததும் என் தோளில்தான்.

பந்தயச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் நட்டில் பாதிக் கோட்டையும் அச்சில் பாதிக் கோட்டையும் பார்த்தார்கள். கோடு இருக்கிறது, ஆகவே இறுக்கியிருக்கிறார்கள், நட்டின் மரைதான் பழுது என்று எழுதினார்கள். அந்த நட்டுகளையெல்லாம் எல்லா அணிகளும் மாற்றின. ஒருவகையில் அதுவும் நல்லதுதான்.

தங்கைதான் மாறிப்போனாள். புது அணியில் முதல் பயிற்சிக்கு என்னையும் கூட்டிப்போனாள். காரில் ஏறாமல் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் மண்டியிட்டுப் பார்த்தாள்.

“கோடு போட்டாச்சும்மா,” என்றார் அங்கிருந்த மெக்கானிக்.

“கோட்டைக் கேக்கலைங்க. இறுக்கினீங்களா?”

கேட்டது அவரை. பார்த்தது என்னை.

அன்று சாப்பிடும்போது, “ஏண்ணா, அந்தக் காலையில நீ எங்கிட்ட ஒண்ணு சொன்னியே,” என்று ஆரம்பித்தாள்.

“எதும்மா?”

“ஒண்ணுமில்ல,” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அவள் உங்களிடம் சொன்னது சரிதான். அன்று காலை அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். “இன்னைக்குக் கொக்கு பின்னாடி ஒட்டிப் போகாதே. முக்கியமா ஒன்பதாம் வளைவுல, நாலஞ்சு கார் தூரம் விட்டே போ,” என்றேன்.

“ஒட்டாம எப்படிண்ணா அவனை முந்துறது?” என்று சிரித்தாள்.

“முந்த வேண்டி இருக்காது,” என்றேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். கொண்டை ஊசியில் மெதுவாக ஓரம் கட்டப்போகிறவனுக்காக ஒன்பதாம் வளைவை ஏன் சொன்னாய் என்று கேட்கிறீர்கள்.

எனக்கு இருப்பது ஒரே தங்கை, மேடம். பார்த்துக்கொள்ள வேண்டாமா.