சாக்குக்காரன் கதை

பேய்க்கதை கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அதனாலேயே எனக்கு அவற்றை நன்றாகச் சொல்ல வருகிறது என்று நினைக்கிறேன்.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன், சார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் யூடியூப் சேனலில் கதை சொல்வேன். பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போகிற ஒருவனைப் பற்றிய கதைதான் நன்றாக ஓடியது. முதலில் ஏதோ ஓர் ஊரில் நடப்பதாகச் சொன்னேன். பிறகு எங்கள் தெருவிலேயே நடக்கவிட்டேன். தெரிந்த இடம் என்றால் பயம் நன்றாக ஒட்டும். கடைசியில் 'கற்பனை' என்று சொல்வதையும் நிறுத்தினேன். கேட்பவர்களுக்கு அது சப்பென்று இருந்தது. அவனை இந்தி பேசுகிறவனாக ஆக்கியதற்குத் தனியாகக் காரணம் எதுவுமில்லை.

கொஞ்ச நாளில் தெருப்பிள்ளைகள் தனியே கடைக்குப் போவது நின்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிகாஷ் ஒடிசாக்காரன். எங்கள் கம்பெனியில் வெட்டித் தள்ளும் துணிக்கழிவைச் சாக்கில் கட்டிக் குடோனுக்குச் சுமப்பவன். எனக்கு டீ வாங்கி வருவதும் அவன்தான். சம்பவத்தன்று மாலை எங்கள் தெருவில் டெம்போ ஒன்று பின்னால் வர, வழியில் நின்ற குழந்தையைத் தூக்கி ஓரமாக விட்டிருக்கிறான். தோளில் சாக்கு. பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு அடி விழுந்ததும் குழந்தையின் தாய் வேல்விழி, டெம்போ வந்தது நிஜம்தான் என்று சொல்லித் தடுத்திருக்கிறாள். கூட்டம் குழம்பிப்போய் என்னை அழைத்துவர ஆள் அனுப்பியது.

நான் போனதும் வழி விட்டார்கள். அத்தனை பேர் எனக்காகக் காத்து நின்றதை அதற்குமுன் நான் கண்டதில்லை. பிகாஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். "தீனா அண்ணா, நீங்க சொல்லுங்க" என்றான்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளின் சொந்தக்காரம்மா ரங்காத்தாள்தான் கேட்டார். "ஏனுங்க, உங்க கதையில வர்ற ஆளு இவந்தானுங்களா? எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க."

இல்லை என்றால் அது வெறும் கதையாகிவிடும். அப்புறம் யார் கேட்பார்கள்?

"இவந்தானுங்க" என்றேன். தள்ளிப்போய் நின்றுகொண்டேன். என் கை அவன்மேல் படவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டான் என்பது இங்கே ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கதைகள் ஜனங்களைக் கெடுக்கின்றன, தடை செய்ய வேண்டும் என்று டிவியில் பேசுகிறார்களாம். அது நியாயமில்லை, சார். கதை கேட்டவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான். ஓங்கிய கையை இறக்கிவிட்டுத்தான் என்னிடம் கேட்டார்கள்.