ஆறாம் மேஜை

மனைவி: அங்க ஏசி பக்கத்துல அவ்வளவு இடம் கிடக்கு. சமையல்கட்டு ஜன்னலை ஒட்டித்தான் உட்காரணுமா?

கணவர்: ஆறாம் மேஜையே போதும்... சுத்தமா இருக்கு.

மனைவி: அதுக்குள்ள மேஜையெல்லாம் எண்ணிட்டீங்களா?

கணவர்: கான்டனீஸ் சீன ஓட்டல், செட் லஞ்ச்னு நீதானே இழுத்துட்டு வந்தே? வந்த இடத்துல வம்பு பண்ணாதே.

மனைவி: சரி, பண்ணலை. ஆனா சூப், மீன், கீரை, சோறு... எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. இன்னைக்கு நான் விடறதா இல்ல.

கணவர்: பல்லு வலிக்குமேன்னு பாக்கறேன்...

மனைவி: வியாழக்கிழமை தவறாம டாக்டர்கிட்ட ஓடறீங்க, இன்னுமா வலி?

சர்வர்: டீ ஊத்தட்டுங்களா?

மனைவி: ஊத்துங்க... என்னங்க இது, அவர் ஊத்தறப்ப ரெண்டு விரலால மேஜையைத் தட்டறீங்க? மரியாதையே இல்லாம!

கணவர்: மரியாதைதான் அது. இவங்க வழக்கத்துல நன்றின்னு அர்த்தம்.

மனைவி: யார் சொன்னா?

கணவர்: டிவியில... எங்கயோ பாத்தேன்.

மனைவி: கெட்டிலைச் சரியா மூடுங்க. டீ ஆறிடும்.

கணவர்: மூடி திறந்தே இருக்கட்டும். அதைப் பாத்துட்டு அவங்களே வந்து வெந்நீர் ஊத்துவாங்க. வாயைத் திறந்து கேக்கவே வேணாம்.

மனைவி: இதுவும் டிவியிலயா?

கணவர்: சூப் வந்துடுச்சு. பேசாம குடி.

மனைவி: ம்... நல்லாத்தான் இருக்கு. உங்களுதைக் கொடுங்க பாக்கலாம்... ஐய, உப்பே இல்லையே!

கணவர்: எனக்கு இங்க எப்பவும் இப்படித்தான்...

மனைவி: எப்பவுமா?

கணவர்: சூடா இருந்தா உப்பு தெரியாதுன்னு சொல்ல வந்தேன். மீனும் வந்துடுச்சு, அதைப் பாரு.

மனைவி: மீனை எங்க பாக்கறது? வந்த வேகத்துல குச்சியாலயே முள்ளு வரைக்கும் வழிச்சாச்சு. வயிறு நிறைஞ்சுதா?

கணவர்: நிறைஞ்சுது.

மனைவி: ஒரு பருக்கை மிச்சமில்லையே? அப்ப கேட்டுக்குங்க. கோபம் வந்தாலும் சரி, சொல்லத்தான் போறேன். ஆடிட்டர் படிப்பைப் பாதியில விட்டுட்டுச் சமைக்கப் போனவ, அவ கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்னு நம்ம பொண்ணை ஒன்றரை வருஷமா வீட்டுப்படி ஏத்தாம வச்சிருக்கீங்களே... இப்ப நீங்க வழிச்சுத் தின்ன மீனை வேகவச்சது அவதான்.

கணவர்: மீன் மேல இருந்த இஞ்சியை இவ்வளவு மெல்லிசா அரிய வேற யாருக்கு வரும்?

மனைவி: அப்ப... உங்களுக்குத் தெரியுமா?

கணவர்: பதினொரு வியாழக்கிழமை ஆச்சு.

மனைவி: அந்தப் பல் டாக்டர்...

கணவர்: பல்லுக்கு ஒண்ணுமில்ல.

மனைவி: அடப்பாவி மனுஷா! பதினொரு வாரம் வந்து உட்காந்திருக்கீங்க, அவகிட்ட ஒரு வார்த்தை...

கணவர்: எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசறது? அன்னைக்கு என்னென்னவோ சொல்லிட்டேன்... இந்த ஜன்னல்ல அவ கை மட்டும் தெரியும். அதைப் பாத்துக்கிட்டே தட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது.

மனைவி: தெரியட்டும். இன்னைக்கு அவளைப் பாக்காம நான் எந்திரிக்கறதா இல்ல. மூடி திறந்தே கிடக்கட்டும், எத்தனை கெட்டில் டீ ஆனாலும் சரி.

கணவர்: மெதுவா பேசு... சர்வர் வர்றார்.

மனைவி: வரட்டும். தம்பி, ஒண்ணு கேக்கணும். என் சூப்புல உப்பு சரியா இருந்துச்சு. இவரோடதுல மட்டும் ஏன் காணோம்?

சர்வர்: அது... சொல்லக் கூடாதும்மா.

மனைவி: நீங்க சொல்ற வரைக்கும் இந்த மேஜை காலியாகாது.

சர்வர்: எங்க சின்ன செஃப் முதல் வாரமே சொல்லிட்டாங்கம்மா. 'ஆறாம் மேஜையில இருக்கறது எங்க அப்பா. பிரஷர் இருக்கு, அவருக்கு நானே உப்பில்லாம தனியா வச்சுத் தர்றேன். நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா வர்றதை நிறுத்திடுவார், யாரும் மூச்சு விட்டுடாதீங்க'ன்னு.