முதுகு மட்டும் தெரிந்த எட்டு ஆண்டுகள்

அன்பின் அகலே! ஆற்றலின் ஆழியே! இல்லாதோர் இல்லம் தேடிச் சென்ற இனியவரே! ஈர நெஞ்சமே! உழைப்பின் உருவமே! எடுத்த முடிவை எமனே வந்து கேட்டாலும் மாற்றிக்கொள்ளாத எங்கள் ஏகப் பிடிவாதமே! ஆனந்தவல்லி அம்மையீர்! வணக்கம்.

சிஞ்ச்வட் பிரேக் ஆலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து, அவற்றுள் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் சமூகப் பொறுப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் பணியும் பெற்றுத் தந்து, இன்று மாலையோடு ஓய்வு பெற்றுச் செல்லும் தங்களைத் தமிழ்ப் பணியாளர்களாகிய நாங்கள் தலைவணங்கி வாழ்த்துகிறோம்.

மராட்டியில் பாராட்டுப் பத்திரமாகிய மானபத்ரம் வாசித்தாயிற்று. ஆங்கிலம் பொறித்த கேடயம் கொடுத்தாயிற்று. தமிழ் மடல் எழுதும் வேலை மட்டும், தங்கள் துணை மேலாளரும் நாளை முதல் தங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவனுமாகிய சுந்தரராமன் தலையில் விழுந்தது. மடலில் 'நான்' என்று வரக்கூடாது என்பது மரபு. ஆகவே எழுதியவனும் வாசிப்பவனும் சுந்தரராமனே ஆனாலும், இதில் அவன் வேற்றாள் போலத்தான் நடமாடுவான். தங்கள் அருங்குணங்களை அடுக்கலாம் என்று மூன்று தரம் உட்கார்ந்தான். வந்ததெல்லாம் எரிச்சல். பன்னிரண்டு வருட எரிச்சலை ஒரு பக்கத்தில் அடக்க முடியாமல் மடல் நீண்டுவிட்டதால், சட்டம் போடுகிறவரைப் பெரிய கண்ணாடியாகப் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறோம்.

விருந்தோம்பலை வியந்து போற்றும் வையகத்தில், விருந்தாளியாகப் போய் உட்காருவதையே நிர்வாக முறையாக வைத்திருந்த நிகரற்றவரே! பயிற்சி மையத்தின் பட்டியலில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் அந்த வீட்டுக்கு மூன்று தரம் போக வேண்டும். மூன்று தரமும் அவர்கள் கொடுக்கிற டீயைக் குடிக்க வேண்டும். கொடுக்கப் போகிறவர்கள் முதலில் வாங்கிப் பழக வேண்டுமாம். வாகடிலும் மாருஞ்சியிலும் கட்டடம் எழும்புகிற இடங்களில் தகரக் கொட்டகை விடாமல் ஏறி இறங்கி, ஹிஞ்சேவாடிப் பாலத்தடியில் நத்தையாய் நகர்ந்து, ஒரே ஆண்டில் அறுபது குடும்பங்களுக்கு நூற்றெண்பது டீ குடித்தான் சுந்தரராமன். வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், "டீக்கடை வச்சிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். "சுந்தரம், மூணாவது டீயிலதான் மனுஷங்க வாயத் திறப்பாங்க" என்பீர்கள் தாங்கள். அது சரியாகவும் இருந்து தொலைத்தது. பிள்ளை ஆறு மாதமாகப் பள்ளிக்கூடமே போகவில்லை என்பதையும், பெண்ணை ஷிப்டு வேலைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்பதையும் மூன்றாவது டீயில்தான் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தோம். நிறுவனத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறிக்கச் சொல்லித் தலைமை அலுவலகம் கடிதம் அனுப்பியது. "பிள்ளைங்க படிக்கப் போறாங்களா, விளம்பரப் பலகையாப் போறாங்களா?" என்று கேட்டுவிட்டு, வெறும் நீலப் பையாக வாங்கிக் கொடுத்தீர்கள். கேட்டது தாங்கள், தலைமை அலுவலகத்தில் போய்த் தலை குனிந்து நின்றது சுந்தரராமன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை, தங்கள் பிரிவில் படித்தான்.

இவற்றையெல்லாம் பொறுத்தோம். பொறுக்க முடியாமல் போனது படம்தான். பயிற்சி பெறுகிற யாரையும் முகம் தெரியும்படி படம் எடுக்கக்கூடாது என்று ஓர் ஆணை போட்டீர்கள். எட்டு ஆண்டறிக்கைகள் வந்துவிட்டன. மற்ற நிறுவனங்களின் அறிக்கைகளில் பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நம் அறிக்கையில் எந்திரத்தின் முன்னே குனிந்த முதுகு, பட்டறையில் நிமிர்ந்த முதுகு, சான்றிதழ் வாங்கும் முதுகு. பின்னல், கொண்டை, மொட்டை. தலைமை அலுவலகத்தில் படங்களையும் செய்தியையும் கவனிக்கிற மனோஜ் கோயம்புத்தூர்க்காரர், சாது. அவரே ஒரு நாள் பொறுமை இழந்து, "ஏனுங்க மேடம், உங்க மையத்துல ஒருத்தருக்குக்கூட மொகமே இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு. அது அவங்களுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

இந்த விரதம் எங்கே தொடங்கியது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன்பு தலைமை அலுவலகம் ஒரு சுவர்க் காலண்டர் அச்சடித்தது. வருடம் முழுக்க ஒரே தாள், ஒரே படம். நம் மையத்தில் எந்திரப் பயிற்சி பெற்ற பத்தொன்பது வயதுப் பெண் பவுன், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே மராட்டியில், அநாதைப் பெண்ணுக்கு நாங்கள் தந்த வாழ்வு என்று ஒரு வரி. சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் அதை இலவசமாகக் கொடுத்தார்கள்.

பவுனின் தகப்பனார் ஜம்பு, விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்து புனேயில் இருபது வருடமாகச் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். மளிகைக் கடையில் மிளகாய்த் தூள் வாங்கப் போன மனிதர், சுவரில் மகள் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரரைப் படிக்கச் சொன்னார். கடைக்காரர் படித்தார். முதல் சொல் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை, சுருட்டிய காலண்டரோடு ஆலை வாசலில் நின்றார். "அவ அப்பன் நானு, இதோ நிக்கிறேன். அவ அம்மா அஞ்சாவது மாடியில கல்லு தூக்கிக்கிட்டிருக்கா. உசுரோட இருக்கிறவங்கள எதுக்கு சார் சாவடிச்சீங்க?" என்று சுந்தரராமனைப் பார்த்துக் கேட்டார். சுந்தரராமன் தங்களைப் பார்த்தான்.

தாங்கள் சமாதானம் சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுத்தீர்கள். ஐந்து நாள், கடை கடையாக ஏறி, நானூற்றுப் பன்னிரண்டு காலண்டர்களைக் கழற்றினோம். சும்மா கொடுக்க மாட்டேன் என்ற கடைக்காரர்களுக்கு விட்டலன் படம் போட்ட காலண்டர் வாங்கி மாற்றிக் கொடுத்தீர்கள். காலண்டர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்த சுந்தரராமனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஆறாம் நாள் காலையில் அந்த ஆணை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது.

அது பழங்கதை. இப்போதைய தலைவலி வேறு. அடுத்த வாரம் இயக்குநர் குழு கூடுகிறது. இன்னும் மூன்று ஆண்டுக்குப் பயிற்சி மையம் நடக்குமா, இழுத்து மூடப்படுமா என்று அங்கேதான் முடிவாகும். மையத்தில் படித்து வேலைக்குப் போன பத்துப் பேராவது முகம் காட்டிப் பேசுகிற ஐந்து நிமிடப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். படம் இல்லையென்றால் மையத்துக்கான பணம் மரம் நடும் திட்டத்துக்குப் போய்விடும். அடுத்த சேர்க்கைக்கு அறுபது வீட்டில் இரண்டாவது டீ குடித்து முடித்திருக்கிறோம். சுந்தரராமன் மூன்று வாரம் தங்களிடம் மன்றாடினான். மனோஜ் நாளுக்கு இரண்டு தரம் போனில் அழுதார். அசையவில்லை தாங்கள். கடைசியில் போன வெள்ளிக்கிழமை, "நான் இருக்கிற வரைக்கும் கிடையாது. அப்புறம் நாற்காலி உன்னுது, முடிவும் உன்னுது" என்றீர்கள். ஒரு மனிதனைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றையும் அவன் கையிலேயே கொடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்த இடத்தில், மூட்டுவலி தீர்ந்து, பேரப்பிள்ளைகளோடு பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்திவிட்டு இறங்குவதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை சாகணுக்குப் போகாமல் இருந்திருந்தால் சுந்தரராமனும் அப்படித்தான் இறங்கியிருப்பான்.

சாகணில் பவுன் இப்போது ஓர் ஆலையில் சூப்பர்வைசர். அப்பா அம்மாவோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். தயங்கித் தயங்கிப் படத்தைப் பற்றிச் சொன்னான். அவள் சிரித்தாள். "மொகத்தக் காட்டுறதுக்கு என்ன சார்? தகரக் கொட்டாயில இருந்தோம், உண்மைதான. அங்கேருந்து வந்தோம், அதுவும் உண்மைதான. இத ஏன் சார் எட்டு வருசமா எங்கள ஒருத்தரும் கேக்கல?"

அம்மையீர், அத்தனை வீடு ஏறி இறங்கினோம், அத்தனை கேள்வி கேட்டோம். இதை மட்டும் தாங்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். வேறு யாருடைய விடைபெறு விழாவாக இருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டோம். தாங்கள் தாங்கிக்கொள்வீர்கள் என்று தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜம்பு அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏழைன்னு போட்டிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன் சார். ஏழைதான். நான் இல்லன்னு போட்டாங்க. அத எழுதுனது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நானும் வந்து படத்துல நிக்கிறேன்."

சுந்தரராமன் சொன்னான்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் ஜம்பு. தெரியாது என்றான். "நாலு பேரு பாக்கத்தான சார் செவுத்துல மாட்டுனீங்க? நாலு பேரு மத்தியில அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. அப்புறம் நாங்க படத்துக்கு வர்றோம்." பவுனும் அவரும் வந்தால் மற்ற ஒன்பது பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளை மறுநாள் மனோஜ் கேமராவோடு காத்திருப்பார்.

ஆகவே அம்மையீர், சொல்கிறான்.

பவுனைச் சேர்த்த ஆண்டு, பிழைக்க வந்த குடும்பங்களுக்கு என்று ஒதுக்கிய இருபது இடமும் நிரம்பிவிட்டன. பெற்றோர் இல்லாதவர்களுக்கு ஒதுக்கிய ஐந்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பவுன் வீட்டில் மூன்றாவது டீயும் குடித்தாயிற்று. திரும்பிப் போய் இடமில்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டான். தாய் பெயர் என்ற கட்டத்தில் இன்னொரு கோடு. ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தான். தங்களிடம் காட்டாமல் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான்.

காலண்டர் விவகாரம் வெடித்த அன்று தாங்கள் தலைமை அலுவலகத்தைப் போனில் உலுக்கி எடுத்தீர்கள். உங்கள் பிரிவிலிருந்து வந்த பட்டியல்படிதான் அச்சடித்தோம் என்றார்கள் அவர்கள். "அது சுந்தரம் எழுதின பட்டியல். அதுல தப்பு இருக்காது" என்றீர்கள். எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. சுந்தரராமன் தங்கள் மேசைக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாததால் பழி படத்தின் மேல் விழுந்தது. படத்துக்குத் தாங்கள் தடை போட்டீர்கள். தடை போட்டதற்காகத் தங்களை எட்டு வருடம் ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தவனும் அவன்தான். வெட்கமாக இருக்கிறது, அம்மையீர்.

பட்டியல் இந்தச் சபையில் திருத்தப்படுகிறது. பெயர்: பவுன். தாய் பெயர்: பட்டு. தகப்பன் பெயர்: ஜம்பு. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இதைக் கேட்க வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்காகச் சுந்தரராமனைத் தாங்கள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளலாம். அத்தனை ஆண்டும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், அம்மையீர்.

தங்கள்,
சமூகப் பொறுப்புப் பிரிவின் தமிழ்ப் பணியாளர்கள்
எழுதி வாசித்தவன்: சுந்தரராமன்
சிஞ்ச்வட், புனே