யாரும் வைக்காத பாஸ்வேர்டு

மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், வெவ்வேறு பள்ளிச் சீருடையில் பிளஸ் டூ மாணவிகள் இருவர். இரட்டைச் சடைக்காரி சொன்னாள்:

“யாரும் வைக்காத பாஸ்வேர்டா வைக்கணும்னு மிஸ் சொன்னாங்க. அதான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் என்னுத சொல்லி, யாராச்சும் இத வச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டு வச்சேன்.”

ஜன்னலோரத் தோழி அவளையே பார்த்தாள்.

“எல்லார்கிட்டயுமா?”

“லீவு போட்டவங்கள மறுநாள் கேட்டேன்.”

“அப்பால இன்னாடி ஆச்சு?”

“எவளோ என் மெயில்ல பூந்து, துபாய்ல கீற எங்க அண்ணனுக்கு எழுதிட்டா. எனக்குப் படிப்பு ஏறல, மாப்பிள்ளை பாருங்கன்னு.”

“நம்பிட்டாரா?”

“உடனே வூட்டுக்குப் போன் பண்ணிட்டாரு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க. நான் எழுதலன்னு சொன்னா, வெக்கப்படுறேன்னு அம்மா சிரிக்குது.”

“பாஸ்வேர்ட மாத்திட்டு, படிக்கணும்னு நீயே மெயில் போடு.”

“போட்டேனே. என் தங்கச்சி மெயில்ல பூந்து விளையாடுறது யாருன்னு அண்ணன்கிட்டருந்து பதில் வந்துகீது.”

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தோழி அவள் பக்கம் திரும்பினாள்.

“போன் பண்ணி அழுதுடு. உன் அழுகை அவருக்குத் தெரியுமில்ல?”

“தெரியாம? சின்ன வயசுல என்னை அடிச்சதே அவருதானே.”

செங்கல்பட்டில் பேருந்து நின்றதும் இருவரும் எதிரே இருந்த தொலைபேசி பூத்தை நோக்கி நடந்தார்கள்.

“ஐ.எஸ்.டி. மீட்டரு ஓடிக்கினே இருக்கும்,” என்றாள் தோழி. “அவரு எடுத்ததும் அழ ஆரம்பிச்சுடு.”